மேட்டுத் தொட்டியும் பம்ப் வீடும்: ஒரு தோட்டக் குடிநீர் அமைப்பை ஃபர்ம்வேர் முதல் கிளவுட் வரை மறுபடி கட்டிய கதை

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கிற சுங்கை சிப்புட் வட்டாரத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இங்கே வேண்டாம். இப்படிப்பட்ட அமைப்புகளை வடிவமைக்கும் சிறிய குழு எங்களுடையது. அசம்பாவிதம் நடந்து முடிந்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

தோட்டத்துக்குப் பொதுக் குழாய்த் தண்ணீர் முழுமையாக வந்து சேரவில்லை. அடிவாரத்து ஓடையிலிருந்து பம்ப் வைத்து ஏற்றி, வடிகட்டி, குளோரின் கலந்து, மேட்டில் இருக்கும் இரும்புத் தொட்டியில் நிரப்புகிறார்கள். அங்கிருந்து லயத்து வீடுகளுக்கும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஊழியர் வீடுகளுக்கும் தானாக இறங்கி வருகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446 சொல்கிறது. அதனால் தண்ணீர் நின்றால் அது நிர்வாகத்துக்கும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் முதலில் தவிப்பவர்கள் லயத்துக்காரர்கள். ஆறு மணிப் பெரட்டுக்கு (வேலைக்கு முந்திய ஆள் கணக்கெடுப்புக்கு) போக வேண்டியவர்கள் நாலு மணிக்கே குழாயைத் திறக்கிறார்கள். சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, குளியல் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நடந்தாக வேண்டும்.

பல வருஷமாக அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர்தான். ஓய்வு வயதை நெருங்குகிறவர். எல்லாரும் அவரைப் பம்புக்கார அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். விடியற்காலை மூன்றரைக்கு ஒரு மணி நேரம், மதியம் ஒன்றரைக்கு ஒரு மணி நேரம், மீதி தொட்டியைப் பார்த்து. அவருடைய கணக்கு அவ்வளவுதான். தொட்டிக்கு வெளியே கயிற்றில் தொங்கும் எடைக்கல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை மோட்டார் சைக்கிளில் மேடேறிப் பார்த்துவிட்டு வருவார்.

நாங்கள் வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், வெளியூர் நிறுவனம் ஒன்று இந்த வேலையைத் தானியங்கியாக மாற்றிக் கொடுத்திருந்தது. தொட்டி மேல் மீயொலிச் சென்சார் ஒன்று, அதற்குத் தனி சிம், சூரியத் தகடு. பம்ப் வீட்டில் கண்ட்ரோலர் ஒன்று, அதற்கும் தனி சிம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தொட்டி தன் மட்டத்தைக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் இருக்கும் சர்வருக்கு, சொல்லும். 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கிளவுட் பம்புக்கு 'ஓடு' என்று கட்டளை அனுப்பும், 90-ஐத் தொட்டால் 'நில்' என்று அனுப்பும். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு பெட்டிகளின் பேச்சு வெளிநாட்டு சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. நல்ல நாட்களில் இது ஒழுங்காகவே வேலை செய்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த இரவு

மேற்குக் கரை மாநிலங்களில் பருவக்காற்று மாறும் மாதங்களில்தான் இடி மழை அதிகம். ஏப்ரல், மே ஒருமுறை, அக்டோபர், நவம்பர் இன்னொரு முறை. அப்படி ஒரு அக்டோபர் இரவு.

இரவு 9.02-க்குத் தொட்டி 38 விழுக்காடு. கிளவுட் 'ஓடு' என்றது, பம்ப் ஓடியது. 9.08-க்குத் தொட்டியிலிருந்து 39 விழுக்காடு என்று ஒரு தகவல் வந்தது. அதுதான் கடைசி. மேட்டில் இறங்கிய மின்னல், தொட்டியின் மோடத்தை எரித்துவிட்டது. 9.10-க்குத் தோட்டம் முழுக்க மின்தடை. பம்ப் நின்றது.

10.35-க்கு மின்சாரம் வந்தது. பம்ப் வீட்டுக் கண்ட்ரோலர் எழுந்து கிளவுடோடு இணைந்தது. இணைந்த மறுநொடி 'ஓடு' கட்டளை வந்தது. பம்ப் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அதை நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. கிளவுடைப் பொறுத்தவரை தொட்டி இன்னும் 39 விழுக்காட்டிலேயே இருந்தது, 90-ஐத் தொடவே இல்லை.

நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் தொட்டி நிறைந்து வழியத் தொடங்கியிருக்க வேண்டும். வழிந்த தண்ணீர், ஏற்கெனவே மழையில் ஊறிக் கிடந்த சரிவில் இறங்கி, கடைசி லயத்தின் பின்பக்க மண்ணைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வந்தது. இரண்டு வீட்டுச் சமையலறைக்குள் சேறு புகுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. இதற்கிடையே கீழே ஓடையில் வெள்ளம் கொண்டுவந்த இலையும் மண்டியும் உறிஞ்சுகுழாயின் வடிகட்டியை அடைத்துவிட்டன. பம்ப் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றியது. விடிகாலையில் பம்புக்கார அண்ணன் போனபோது பம்பின் உடம்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சீல் கருகிப் போயிருந்தது.

ஈப்போவிலிருந்து புது சீல் வந்து பொருத்துவதற்குள் தொட்டி காலியாகி, லயத்துக்கு லோரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. அன்று காலை எட்டு மணிக்கு நிர்வாகியின் கைப்பேசியில் திரை பச்சையாகவே இருந்தது: 'தொட்டி 39 விழுக்காடு. பம்ப் ஓடுகிறது.'

என்ன கண்டோம்

முதலில் பழைய அமைப்பின் பதிவுகளைக் கேட்டோம். கிளவுட் கணக்கு, சிம் அட்டை, எல்லாம் அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் பதிவுகள் கைக்கு வரவே நாளானது. வந்த பிறகு நான்கு விஷயங்கள் தெளிவாயின.

மின்சாரம் திரும்பியதும் வந்த அந்த 'ஓடு' கட்டளை புதிதாக யாரும் அனுப்பியது இல்லை. கருவிகளும் சர்வரும் செய்தி பரிமாற இந்த அமைப்பு பயன்படுத்திய எம்க்யூடிடி நெறிமுறையில் ஒரு செய்தியை 'தக்கவை' என்று குறித்து அனுப்பினால், சர்வர் அதை வைத்திருந்து, அந்தத் தலைப்புக்குப் புதிதாக யார் சந்தா சேர்ந்தாலும் உடனே கொடுத்துவிடும். ஒரு கருவியின் கடைசி நிலையைத் தெரிந்துகொள்ள இது அருமையான வசதி. கட்டளைக்கு இதைப் பயன்படுத்தினால் ஒன்றரை மணி நேரத்துக்கு முந்தைய உத்தரவு இப்போதைய உத்தரவு போல வந்து நிற்கும். 9.02-க்குப் போன கட்டளைதான் 10.35-க்கு மறுபடி நிறைவேறியது.

இரண்டாவது, தொட்டியின் மௌனத்தைக் கவனிக்க எந்தப் பகுதிக்கும் வேலை கொடுக்கப்படவில்லை. கடைசியாக வந்த எண்ணுக்கு வயது இல்லை. 39 என்பது இந்த நிமிடத்து 39-ஆ, நேற்றைய 39-ஆ என்ற கேள்வி கிளவுட் விதியிலும் இல்லை, திரையிலும் இல்லை.

மூன்றாவது, மோட்டாரின் ஓவர்லோட் ரிலே ஏன் விழவில்லை என்று நிர்வாகி கேட்டார். நல்ல கேள்வி. அந்த ரிலே அதிக மின்னோட்டத்தைப் பார்த்துத்தான் விழும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் பம்ப் குறைவாகவே மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் பார்வையில் அன்றிரவு மோட்டார் சுகமாக இருந்தது.

நான்காவது, பழைய பதிவுகளில் தினமும் மதியம், பம்ப் ஓடாத நேரத்தில், தொட்டி மட்டம் ஓரிரு விழுக்காடு தானாக உயர்ந்து மாலையில் இறங்கியது. காற்றில் ஒலியின் வேகம் ஒரு பாகை செல்சியஸுக்கு வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். வெயிலில் இரும்புத் தொட்டியின் உள்காற்று இரவைவிட 20 பாகை சூடானால் மீயொலி சீக்கிரம் திரும்பி வரும். ஒன்றரை மீட்டர் தூரத்தை அளக்கும்போது ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் தவறும். விபத்துக்கு இது காரணம் இல்லை. ஆனால் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை இது காட்டியது.

பதிவுகளில் இல்லாத ஒன்றைப் பம்புக்கார அண்ணன் காட்டினார். பம்பை ஓடவிட்டு, வெளியேறும் குழாயின் மேல் என் கையைப் பிடித்து வைத்தார். "இப்ப பாருங்க தம்பி, ஒரே சீரா ஓடுது." அப்புறம் வடிகட்டியின் பாதியை ஒரு சாக்கால் மூடினார். குழாயின் அதிர்வு விட்டு விட்டு வந்தது, சரளைக் கல் உருளுகிற மாதிரி. "இலை அடைச்சா இப்படித்தான் இருக்கும். பழைய மிசினு வந்தப்ப, நீங்க வரவே வேணாம்ண்ணேன்னு சொல்லிட்டாங்க. குழாய்க்கு எப்படித் தெரியும், நான் வரலைன்னு?"

முடிவுகளும் காரணங்களும்

வடிவமைப்பைத் தொடங்கும்போது சங்கிலியின் ஒவ்வொரு பகுதியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டால் நீ என்ன செய்வாய்? பதில் எழுதாத பகுதியைக் கட்டத் தொடங்கவில்லை. கீழே வருவது பெரும்பாலும் அந்தப் பதில்கள்தான்.

முதல் முடிவு, பம்பை ஓட்டுவதா நிறுத்துவதா என்பதைப் பம்ப் வீடே தீர்மானிக்கும். கிளவுட் பார்க்கும், எழுதிவைக்கும், கேட்கும், கட்டளையிடாது. அப்படியானால் தொட்டியின் மட்டம் பம்ப் வீட்டுக்கு நேராக வந்து சேர வேண்டும். கம்பி இழுக்கலாமா என்று யோசித்தோம். ஒன்றரை கிலோமீட்டர் செம்புக் கம்பியில் மின்னல் தூண்டும் மின்னழுத்தம் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கொல்லும். செம்பைத் திருடவும் ஆள் உண்டு. அதனால் லோரா வானொலி, அதாவது குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளைத் தொலைவுக்கு அனுப்பும் முறை.

லோராவானா, வெறும் லோராவா என்று குழுவுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. லோராவான் முறையில் எல்லாக் கருவிகளும் கேட்வே என்ற இடைப்பெட்டி வழியாக நெட்வொர்க் சர்வரோடுதான் பேசும், ஒரு கருவி இன்னொன்றோடு நேரடியாகப் பேசாது. தரமான பாதுகாப்பு, தயாராக இருக்கும் மென்பொருள் என்று அதன் பக்கம் நியாயம் நிறைய. ஆனால் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே மூன்றாவது பெட்டி ஒன்று உயிரோடு இருந்தால்தான் தண்ணீர் வரும் என்ற நிலை மறுபடி வந்துவிடும். கடைசியில் தொட்டியிலிருந்து பம்ப் வீட்டுக்கு நேரடி லோரா, அலுவலகத்துக் கேட்வே அதே செய்தியை ஒட்டுக்கேட்டுக் கிளவுடுக்கு அனுப்பும் என்று முடிவு செய்தோம். பாதுகாப்பை மட்டும் லோராவானிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் வரிசை எண், ஏஇஎஸ்-128 என்ற மறையாக்க முறையின் சாவியில் உண்டாக்கிய 4 பைட் முத்திரை. பழைய செய்தியைப் பதிவு செய்து வைத்து யாராவது திரும்ப ஒலிபரப்பினால் வரிசை எண் காட்டிக்கொடுத்துவிடும்.

செய்தி முழுக்க 20 பைட். எஸ்எஃப்10 என்ற மெதுவான லோரா வேகத்தில், 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 370 மில்லிசெகண்ட். மலேசியாவில் இந்த வகைக் கருவிகளுக்கு 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அந்த அலையின் நீளம் சுமார் 32 செண்டிமீட்டர். ஒன்றரை கிலோமீட்டர் வழியின் நடுவில் அலைக்குத் தேவையான திறந்த வெளி, அதாவது முதல் ஃப்ரெனல் மண்டலம், 11 மீட்டர் ஆரம் கொண்டது. அதில் 60 விழுக்காடாவது மரமில்லாமல் இருந்தால் நல்லது. மேட்டுப் பக்கம் பிரச்சினை இல்லை. அடிவாரத்தில் பம்ப் வீட்டைச் சுற்றி முதிர்ந்த செம்பனை. ஆகவே பம்ப் வீட்டு ஆன்டெனாவை ஓலைக்கு மேலே உயரமான கம்பத்தில் ஏற்றினோம்.

தொட்டியில் மீயொலியை எடுத்துவிட்டு, அடியில் மூழ்கிக் கிடக்கும் அழுத்தச் சென்சார் வைத்தோம். ஒரு மீட்டர் தண்ணீர் 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும், காற்று சூடானாலும் அது மாறாது. அதைவிட முக்கியம், இது 4 முதல் 20 மில்லியாம்பியர் வகை. தொட்டி காலியென்றால் 4 மில்லியாம்பியர். கம்பி அறுந்தால் பூச்சியம். காலியாக இருப்பதும் செத்துப்போனதும் வேறு வேறு எண்ணாக வருகின்றன. தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் இந்தப் பழைய வழக்கத்தில் இருக்கிற ஞானம் புதிய கிளவுட் அமைப்புகள் பலவற்றில் இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். கூடவே தொட்டியின் உச்சியில் சாதாரண மிதவைச் சுவிட்ச் ஒன்று. அழுத்தம் பாதி என்று சொல்லி, மிதவை நிறைந்துவிட்டது என்று சொன்னால் இரண்டில் எதையும் நம்ப வேண்டாம் என்று செய்தியில் ஒரு குறி போகும். மின்னலுக்காகத் தொட்டி, கம்பம், பெட்டி மூன்றையும் ஒரே நிலத்தொடர்பில் கட்டி, சென்சார் கம்பியைக் குட்டையாக வைத்து, அதன் வாயிலில் அதிர்ச்சித் தடுப்பான் போட்டோம்.

மட்டம் ஒரு செண்டிமீட்டர் நகர்ந்தால் தொட்டி செய்தி அனுப்பும். நகராவிட்டாலும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். பம்ப் ஓடும்போது 25 நிமிடம் செய்தி வராவிட்டால் பம்ப் வீடு பம்பை நிறுத்திவிடும். இந்த 25-ஐச் சும்மா வைக்கவில்லை. பம்ப் ஒரு மணி நேரத்தில் தொட்டியின் கால்பங்கை நிரப்பும். 25 நிமிடத்தில் 10 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நிறுத்தும் கோடு 90. தொட்டி 89-இல் மௌனமானால்கூட விளிம்பைத் தொடுவதற்குள் பம்ப் நின்றிருக்கும். ஒரு தகவல் தவறினாலும் அவசரப்படாமல் அடுத்ததுக்குக் காத்திருக்கவும் இடம் கிடைக்கிறது.

நின்ற பிறகு என்ன? இங்கேதான் அதிக நேரம் செலவிட்டோம். கோளாறு வந்தால் நிறுத்திவிடு என்பது பல இயந்திரங்களுக்குச் சரி. குடிநீருக்கு அது போதாது. நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் நாலு மணிக்குக் குழாயைத் திறக்கும் பெண்ணுக்குக் காற்றுத்தான் வரும். தொட்டி தெரியாத நிலையில் என்ன செய்வது என்று பம்புக்கார அண்ணனிடம் கேட்டோம். தொட்டிப் பக்கம் போக முடியாத மழை நாட்களில் அவர் என்ன செய்தாரோ அதையே ஃபர்ம்வேரில், அதாவது கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளில், எழுதினோம். மூன்றரைக்கு ஒரு மணி நேரம், ஒன்றரைக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இது ஒருநாள் தேவையைவிடக் கொஞ்சம் குறைவு. வேண்டுமென்றே குறைவாக வைத்தோம். தொட்டி மெல்ல இறங்குவதை ஓரிரு நாள் தாங்கலாம். வழிந்தாலும் ஒரு வேளைக்கு ஒரு மணி நேரத் தண்ணீருக்கு மேல் வழியாது. கண்ட்ரோலருக்குள் இந்த நிலைக்கு 'அண்ணன் முறை' என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

அந்த முறை ஓட கடிகாரம் வேண்டும். நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்கும் கருவி, மின்தடைக்குப் பிறகு நெட்வொர்க்கும் இல்லாமல் எழுந்தால் 1970 சனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். அப்படி எழுந்த கருவி, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் டிஎல்எஸ் சான்றிதழை 'இன்னும் நடப்புக்கு வரவில்லை' என்று தள்ளிவிட்டு இணையவே மறுப்பதும் உண்டு. பட்டன் பேட்டரியோடு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு வைத்தோம். வருஷத்துக்குச் சுமார் ஒரு நிமிடம்தான் பிசகும்.

மோட்டாரின் ஒரு ஃபேஸில் மின்னோட்ட அளவி மாட்டினோம். ஓடும்போது மின்னோட்டம் வழக்கத்தைவிடக் குறைந்து பத்து வினாடி நீடித்தால் வடிகட்டி அடைப்பு என்று எடுத்துக்கொண்டு நிறுத்தும். குழாயில் கை வைத்துப் பார்ப்பதற்கு எங்களால் முடிந்த மாற்று அது. கண்ட்ரோலர் எந்தக் காரணத்தால் மறுபடி எழுந்தாலும் பம்ப் நின்ற நிலையில்தான் எழும். முன்பக்கம் மூன்று நிலைச் சுவிட்ச்: கை, நிறுத்தம், தானியங்கி. 'கை' நிலையில் மின்சாரம் எங்கள் மின்னணுப் பலகையைத் தொடாமல் நேராக மோட்டாரை இணைக்கும் காண்டாக்டர் சுவிட்சுக்குப் போகும். பலகை எரிந்து சாம்பலானாலும் அண்ணன் பம்பை ஓட்டலாம். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோம்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்கு நினைவகத்தில் இரண்டு அறைகள். புதியது இரண்டாம் அறையில் இறங்கி ஒருமுறை ஓடிப் பார்க்கும். தொட்டியிலிருந்து முத்திரை சரியான ஒரு செய்தி வந்து, கிளவுடையும் ஒருமுறை தொட்ட பிறகுதான் 'நான் சரி' என்று உறுதி செய்யும். இல்லையென்றால் பழையதற்குத் திரும்பிவிடும். பம்ப் ஓடும்போதும் விடியற்காலை மூன்று முதல் ஏழு வரையும் புதுப்பிப்பு நடக்காது.

கிளவுட் பக்கம் வரும்போது நிர்வாகி நியாயமாகவே கேட்டார். "எல்லாத்தையும் பம்ப் வீடே செஞ்சா கிளவுட் எதுக்கு சார்?" நினைவுக்கு என்றோம். பம்ப் வீட்டுக்கு இன்று மட்டும் தெரியும். கிளவுடுக்கு ஆறு மாதம் தெரியும். எந்த இரவில் மட்டம் காரணமின்றி இறங்கியது, எந்தக் கருவி எத்தனை முறை விழுந்து எழுந்தது, ஏன் எழுந்தது, என்ன ஃபர்ம்வேர் ஓடுகிறது எல்லாம் அங்கே இருக்கும். இணைப்பு இல்லாத நாட்களின் தகவலைக் கேட்வே சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். ஒரே தகவல் இரண்டுமுறை வரலாம். எம்க்யூடிடியின் 'ஒருமுறையாவது சேரும்' என்ற உறுதியில் அது இயல்பு. வரிசை எண்ணைப் பார்த்துக் கிளவுட் ஒன்றைத் தள்ளிவிடும்.

நிர்வாகியின் கைப்பேசியிலிருந்து பம்பை ஓடச் சொல்லவும் வழி வைத்தோம், ஆனால் 'ஓடு' என்ற கட்டளை கிடையாது. '90 வரை நிரப்பு, 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இந்தக் கோரிக்கை 10.15 வரை மட்டும் செல்லுபடியாகும்' என்ற வடிவில் கோரிக்கை போகும். 2019-இல் தரமாக வந்த எம்க்யூடிடி 5-இல் செய்திக்குக் காலாவதி நேரம் வைக்கலாம். அதை வைத்தோம், அதோடு கோரிக்கைக்குள்ளேயும் நேரத்தை எழுதினோம். தாமதமாக வந்த கோரிக்கையைப் பம்ப் வீடு படித்துவிட்டுத் தள்ளிவிடும். தக்கவைக்கும் குறி நிலைச் செய்திகளுக்கு மட்டும்.

திரையில் மட்டத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் அதே பெரிய எழுத்தில் அதன் வயது: '62 விழுக்காடு, 3 நிமிடம் முன்'. அரை மணி நேரம் தாண்டினால் எண் சாம்பல் நிறமாகி, வயது மட்டும் கறுப்பாக நிற்கும்.

பம்புக்கார அண்ணனுக்கு அறிவிப்பு எஸ்எம்எஸ்ஸில் போகிறது, தமிழில். தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தமிழ்தான் வேகமாகப் படிப்பார். தமிழ் எழுத்து கலந்த எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகளுக்குத்தான் இடம், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகிப் போகும், ஒரு துண்டு தாமதித்தால் புரியாது. அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் அவரோடு உட்கார்ந்து வெட்டிச் சுருக்கினோம். 'வடிகட்டி அடைப்பு. பம்ப் நின்றது.' 'தொட்டி பேசவில்லை. அண்ணன் முறை.' இரண்டாவதைப் படித்ததும் சிரித்துவிட்டு, மாற்ற வேண்டாம் என்றார்.

தொடர்ந்து நடந்தவை

அடுத்த ஏப்ரல் இடி மழையில் அலுவலகத்து இணையப் பெட்டி எரிந்தது. நான்கு நாள் கிளவுடுக்கு எதுவும் தெரியவில்லை. லயத்தில் யாருக்கும் அது தெரியாது, தண்ணீர் வழக்கம் போல வந்தது. புதுப் பெட்டி வந்ததும் கேட்வே சேர்த்து வைத்திருந்ததை அனுப்பியது, வரைபடத்தில் ஓட்டை விழவில்லை.

மேட்டில் குரங்குக் கூட்டம் ஒன்று தொட்டி ஆன்டெனாவைப் பிடித்துத் தொங்கி வளைத்துவிட்டது. பம்ப் 25-ஆவது நிமிடத்தில் நின்றது, அண்ணனுக்குச் செய்தி போனது. பெரும் மழை, அன்று மேடேற முடியவில்லை. மறுநாள் விடிகாலை மூன்றரைக்குப் பம்ப் தானாக ஓடி ஒரு மணி நேரத்தில் நின்றது. மதியம் அவர் மேலே போய் ஆன்டெனாவை நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்தார்.

கிளவுடின் நினைவு உதவியது ஒரு கசிவில். நள்ளிரவு பன்னிரண்டு முதல் மூன்று வரை லயத்தில் தண்ணீர்ப் புழக்கம் அநேகமாக இல்லை. அந்த மூன்று மணி நேரச் சரிவை மட்டும் தினமும் ஒரு புள்ளியாக வைத்துப் பார்த்தபோது, சில வாரங்களில் அது மெல்ல ஏறிக்கொண்டே போனது. பழைய லயத்துக்குப் போகும் நிலத்தடிக் குழாயின் இணைப்பு ஒன்று விரிந்திருந்தது. தரையில் ஈரம் தெரிவதற்கு முன்பே தோண்டி மாற்றினார்கள்.

எல்லாமே சரியாக வரவில்லை. வடிகட்டி அடைப்பு அறிவிப்பு சில மாலைகளில் பொய்யாக வந்தது. மாலையில் தோட்டத்து மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது, மின்னோட்டமும் அதோடு ஆடுகிறது. பொய் அறிவிப்பு தொடர்ந்து வந்தால் உண்மையானதையும் ஆள் பார்க்காமல் விட்டுவிடுவார் என்பதால் இதை உடனே எடுத்துக்கொண்டோம். எல்லையைத் தளர்த்தியதும் பொய் குறைந்தது, ஆனால் பாதி அடைப்பை இப்போது தாமதமாகத்தான் பிடிக்கிறது. நிர்வாகிக்கோ சாம்பல் நிற எண் தொடக்கத்தில் பெரிய எரிச்சல், திரை கெட்டுவிட்டது என்று இரண்டு மூன்று தரம் கூப்பிட்டார். அந்தப் பழைய 39-ஐ நினைவுபடுத்திய பிறகு கூப்பிடுவது நின்றது.

வேலை போய்விடுமோ என்று பம்புக்கார அண்ணனுக்கு முதலில் பயம் இருந்தது. தினமும் காலை ஒருமுறை பம்ப் வீட்டுக்கு வந்து வடிகட்டியைக் கழுவுவதும், வாரம் ஒருமுறை 'கை' நிலையில் பம்பை ஓட்டிப் பார்ப்பதும் இயக்க முறையிலேயே எழுதப்பட்ட வேலைகள். நிர்வாகமும் கையெழுத்திட்டிருக்கிறது. அவருக்குத் துணையாக ஓர் இளைஞரையும் சேர்த்திருக்கிறார்கள். குழாயில் கை வைத்துப் பார்க்க அவரும் பழகுகிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மின்னோட்டத்துக்குப் பதிலாக மின்திறனை அளக்க வேண்டும். சுமையில்லாத தூண்டல் மோட்டாரும் காந்தப்புலத்துக்கென்று கணிசமான மின்னோட்டம் இழுக்கும், அதனால் வெறுமனே சுற்றும்போது மின்னோட்டம் நாம் நினைக்கும் அளவுக்கு விழுவதில்லை. திறன் நன்றாக விழும். பலகையில் மின்னழுத்தம் அளக்க இடம் விட்டிருக்கிறோம், அடுத்த பதிப்பில் அது சேரும்.

அழுத்தச் சென்சாரின் கம்பிக்குள் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய மெல்லிய குழல் ஒன்று ஓடுகிறது. இந்த ஈரக் காற்றில் அதற்குள் நீர் சேர்ந்தால் அளவு மெல்ல நகரும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றும் நாளைப் பராமரிப்பு அட்டவணையில் சேர்த்தாயிற்று. அதைக் கிளவுடே நினைவூட்டினால் இன்னும் நல்லது.

கிளவுட் கணக்கு, சிம், டொமைன் மூன்றும் இப்போது தோட்டத்தின் பெயரில். கருவிகளின் சாவிகள் அச்சிட்டு, உறையிலிட்டு, தோட்டத்து எழுத்தரான கிராணியின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. நாங்கள் தொழிலை மூடினாலும் வேறொருவர் வந்து தொடரலாம். இதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுவது இனி எங்கள் வழக்கம்.

பாக்கி இருப்பது மறுநடவு. பம்ப் வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே இருக்கும் செம்பனையை வெட்டிப் புதுக் கன்று வைக்கப் போகிறார்கள். சில வருஷம் வழி திறந்திருக்கும், வானொலிக்கு நல்லது. அப்புறம் ஓலைகள் மறுபடி எழும். இப்போதே ஒவ்வொரு செய்தியின் சமிக்ஞை வலிமையையும் கிளவுடில் சேர்த்து வருகிறோம். அந்தக் கோடு எந்த அளவுக்கு இறங்கினால் கம்பத்தை உயர்த்த வேண்டும் என்ற எண்ணை நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.